நேட் விதியை எதோடு பிணைப்பது: முகவரியோடா, இடைமுகத்தோடா?

இரண்டு வலையமைப்பு இடைமுகங்கள் கொண்ட ஒரு லினக்ஸ் கணினியை ரூட்டராக அமைக்கும் எவரும் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. உள்பக்கம் 192.168.10.0/24 என்ற தனி முகவரித் தொகுதி இருக்கிறது. வெளிப்பக்கம் இணையச் சேவையாளர் தந்த ஒரே ஒரு பொது முகவரி இருக்கிறது. உள்ளிருந்து கிளம்பும் பாக்கெட்டின் (தரவுப் பொட்டலத்தின்) மூல முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நேட் (வலையமைப்பு முகவரி மாற்றம்) விதியை எப்படி எழுதுவது? பெரும்பாலான வழிகாட்டிகள் மாஸ்கரேட் என்ற ஒற்றை வரியைத் தந்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகின்றன. அந்த வரி முதல் நாளில் வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இணைப்பு ஒருமுறை அறுந்து மீளும்போதும், இரண்டாவது இணைப்பு ஒன்று சேரும்போதும், உள்ளே இருக்கும் ஒரு சர்வரை வெளியுலகுக்குத் திறந்துவிடும்போதும்தான் அது சரியான வரியா என்பது தெரியவரும். தேர்வை அந்த நாட்களை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேட் விதி எதுவாயினும், உங்கள் அமைப்பில் எது மாறாமல் இருக்குமோ அதோடு அதைப் பிணைக்க வேண்டும். வெளி முகவரி நிலையானது என்றால் முகவரியோடு. முகவரி அடிக்கடி மாறும், இடைமுகத்தின் பெயர் மாறாது என்றால் பெயரோடு. விதியை எழுதும் கருவி ஐபிடேபிள்ஸா, என்எஃப்டேபிள்ஸா, ஃபயர்வால்டியா என்பது இதற்கு அடுத்தபடியாக வரும் கேள்விதான்.

விதி எப்போது பார்க்கப்படுகிறது

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த விதிகளை எப்படிக் கையாளுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். பின்னால் வரும் வேறுபாடுகள் அனைத்தும் இதிலிருந்தே கிளைக்கின்றன. முகவரி மாற்றம் என்ற கருத்து 1994 மே மாதம் ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரில் ஆர்எஃப்சி 1631 ஆக வெளிவந்தது, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தனி முகவரித் தொகுதிகளை 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 வரையறுத்தது. லினக்ஸில் இன்று நாம் பயன்படுத்தும் நெட்ஃபில்டர் கட்டமைப்பு 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலோடு நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு பாக்கெட் உள்ளே நுழைந்ததும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவாவதற்கு முன்பே, ப்ரீரூட்டிங் என்ற இடத்தில் சேருமிட முகவரி மாற்றப்படுகிறது; வழி முடிவான பிறகு, கணினியை விட்டு வெளியேறும் தறுவாயில், போஸ்ட்ரூட்டிங் என்ற இடத்தில் மூல முகவரி மாற்றப்படுகிறது. ஆகவேதான் மூல முகவரி மாற்றும் விதியில் வெளியேறும் இடைமுகத்தையும், சேருமிட முகவரி மாற்றும் விதியில் நுழையும் இடைமுகத்தையும் குறிப்பிடுகிறோம். ப்ரீரூட்டிங்கில் நிற்கும் பாக்கெட்டுக்கு எந்த இடைமுகம் வழியாக வெளியேறப் போகிறோம் என்பது இன்னும் தெரியாது.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. நேட் விதிகள் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பார்க்கப்படுவதில்லை. ஓர் இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே விதிப்பட்டியலைக் கடக்கிறது. அதன் முடிவு கான்ட்ராக் எனப்படும் இணைப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டு, அடுத்தடுத்த பாக்கெட்டுகள் அந்தப் பதிவின்படியே மாற்றப்படுகின்றன. 192.168.10.25 என்ற கணினி தன் 51514 ஆம் போர்ட்டிலிருந்து 198.51.100.7 என்ற தளத்தின் 443 ஆம் போர்ட்டை அழைத்தால், பதிவேட்டில் ஒரே வரியில் இரண்டு பாதிகளைக் காணலாம். முதல் பாதியில் மூலம் 192.168.10.25, சேருமிடம் 198.51.100.7; இரண்டாம் பாதியில், எதிர்பார்க்கப்படும் பதிலின் மூலம் 198.51.100.7, சேருமிடம் 203.0.113.10, அதாவது ரூட்டரின் வெளி முகவரி. இரண்டாம் பாதியின் சேருமிடத்தில் 203.0.113.10 என்பதற்குப் பதிலாக 192.168.10.25 என்றே இருந்தால், அந்த இணைப்புக்கு நேட் நடக்கவில்லை என்று பொருள். விதியைப் பத்து முறை படிப்பதைவிட இந்த ஒரு வரியைப் படிப்பது விரைவில் உண்மையைச் சொல்லும்.

முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே விதி என்பதன் விளைவைப் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளை) மூலமாகச் சந்திக்கிறார்கள். உள்ளே ஒரு கணினியில் பிங்கை ஓடவிட்டபடியே ரூட்டரில் விதியைச் சேர்ப்பார்கள். பிங் தொடர்ந்து தோற்கும். விதி தவறு என்று எண்ணி மாற்றி மாற்றி எழுதுவார்கள். உண்மையில் பழைய பதிவு உயிரோடு இருப்பதால் புதிய விதி பார்க்கப்படவே இல்லை. பிங்கை நிறுத்தி, சிறிது நேரம் விட்டுத் தொடங்கினால் வேலை செய்யும்.

மாஸ்கரேடும் எஸ்நேட்டும்

மூல முகவரியை மாற்ற இரண்டு வழிகள். எஸ்நேட் விதியில் எந்த முகவரியாக மாற்ற வேண்டும் என்பதை நாமே எழுதுகிறோம். மாஸ்கரேட் விதியில் எழுதுவதில்லை. பாக்கெட் வெளியேறும் இடைமுகத்தில் அந்த நேரத்தில் இருக்கும் முகவரியைக் கெர்னலே எடுத்துக்கொள்கிறது. மாஸ்கரேட் ஒவ்வொரு முறையும் முகவரியைத் தேடுவதால் மெதுவானது என்ற எச்சரிக்கை பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்தத் தேடல் இணைப்புக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே ஒரு வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ வேகத்தைக் காரணம் காட்டி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. உண்மையான வேறுபாடு, இணைப்பு அறுந்து மீளும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

இடைமுகம் கீழே விழுந்தாலோ அதன் முகவரி நீக்கப்பட்டாலோ, மாஸ்கரேட் மூலம் உருவான பதிவுகளைக் கெர்னல் தானாகவே அழித்துவிடுகிறது. எஸ்நேட் மூலம் உருவானவை அப்படியே இருக்கின்றன. நிலையான முகவரி உள்ள இடத்தில் எஸ்நேட்டின் இந்தக் குணம் பெரிய நன்மை: கேபிள் இரண்டு நொடி கழன்று மீண்டும் பொருந்தினால், நடந்துகொண்டிருந்த எஸ்எஸ்ஹெச் அமர்வும் நீண்ட தரவிறக்கமும் அறுபடாமல் தொடரும். மாஸ்கரேட் என்றால் அந்தப் பதிவுகள் போய்விட்டிருக்கும். உள்ளிருந்து வரும் அடுத்த பாக்கெட் புதிய பதிவைப் பெறலாம், ஆனால் அதே போர்ட் எண் மீண்டும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முகவரி மாறும் இடத்திலோ அதே குணம் பெரும் தொல்லையாகிறது. ஒரு சிறு அலுவலகத்தில், முகவரி மாறும் இணைப்பு ஒன்றுக்கு நான் எஸ்நேட் வைத்திருந்தேன். புதிய முகவரி கிடைத்தவுடன் ஒரு ஸ்கிரிப்ட் விதியை மாற்றி எழுதும். நேர்த்தியான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு முகவரி மாறிய பிறகு, எல்லாக் கணினிகளிலும் இணையம் இருந்தது. மேசையிலிருந்த ஐபி தொலைபேசிகள் மட்டும் பதிவாகவில்லை. தொலைபேசியை மாற்றி, அமைப்பை மாற்றி, சேவையாளரை அழைத்து, அரை நாள் போனது. கடைசியில் பதிவேட்டைப் பார்த்தபோது, தொலைபேசியின் யுடிபி இணைப்பு முந்தைய நாளின் முகவரியையே சுமந்துகொண்டு நின்றது. பதில் வராத யுடிபி பதிவு லினக்ஸில் இயல்பாக 30 நொடியில் காலாவதியாகும். ஆனால் தொலைபேசியோ பதில் வரவில்லை என்று சில நொடிகளுக்கு ஒருமுறை அதே போர்ட்டிலிருந்து மீண்டும் மீண்டும் அனுப்பியது, அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தப் பதிவின் ஆயுளை நீட்டித்தது. அந்த ஒரு பதிவை நீக்கியதும் தொலைபேசிகள் உயிர்பெற்றன. அங்கே மாஸ்கரேட் இருந்திருந்தால் இந்த அரை நாள் வீணாகியிருக்காது.

டிசிபியில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. நிலைபெற்ற டிசிபி இணைப்பின் பதிவு லினக்ஸில் இயல்பாக 4,32,000 நொடிகள், அதாவது 5 நாட்கள் வைத்திருக்கப்படுகிறது. பழைய முகவரியைச் சுமந்த பதிவு தானே மறைந்துவிடும் என்று காத்திருப்பது பயன் தராது.

இரண்டு வெளி இணைப்புகள் இருக்கும் இடத்தில் மாஸ்கரேடுக்கு இன்னொரு நன்மை உண்டு. இது பரவலாகப் பேசப்படுவதில்லை. முதல் இணைப்பு விழாமலேயே, வழித்தட அட்டவணையை மட்டும் மாற்றிப் போக்குவரத்தை இரண்டாவது இணைப்புக்குத் திருப்பினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்கரேட் பதிவு தான் எந்த இடைமுகத்துக்காக உருவானது என்பதை நினைவில் வைத்திருப்பதால், பாக்கெட் வேறு இடைமுகம் வழியாக வெளியேற முனைந்தவுடன் கெர்னல் அந்தப் பதிவை அழித்துவிடுகிறது. அடுத்த முயற்சி சரியான முகவரியோடு புதிதாகத் தொடங்குகிறது. எஸ்நேட்டில் அந்தக் கவனிப்பு இல்லை. முதல் இணைப்பின் முகவரியைத் தாங்கிய பாக்கெட்டுகள் இரண்டாவது இணைப்பு வழியாகக் கிளம்பும். அந்தச் சேவையாளர் அவற்றைப் போலி மூலம் என்று தள்ளிவிடலாம்.

ஆகவே பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழையும் இணைப்பு), கைபேசி மோடம், டிஹெச்சிபி வழியே முகவரி பெறும் இணைப்பு ஆகியவற்றுக்கு மாஸ்கரேட். ஒப்பந்தப்படி நிலையான முகவரி பெற்ற இணைப்புக்கு எஸ்நேட். ஒரே இடைமுகத்தில் பல பொது முகவரிகள் இருந்து, மின்னஞ்சல் சர்வர் ஒரு முகவரியிலும் மற்ற கணினிகள் வேறு முகவரியிலும் வெளியே தெரிய வேண்டும் என்றால் எஸ்நேட் தவிர வேறு வழியில்லை. மாஸ்கரேடில் முகவரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இல்லை. நூற்றுக்கணக்கான பயனர்கள் ஒரே வெளித் தளத்தின் ஒரே போர்ட்டை ஒரே நேரத்தில் அணுகும் இடத்திலும் எஸ்நேட்டே பொருந்தும். போர்ட் எண் 16 பிட் கொண்டது. ஒரு வெளி முகவரியிலிருந்து ஒரு குறிப்பிட்ட சேருமிடத்துக்கும் போர்ட்டுக்கும் ஏறத்தாழ 64,000 இணைப்புகளுக்கு மேல் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. எஸ்நேட்டில் ஒரு முகவரி வரம்பையே தந்து இந்த எல்லையை விரிவாக்கலாம்.

இடைமுகத்தின் பெயரை நம்பலாமா

மாஸ்கரேட் இடைமுகத்தோடு பிணைகிறது என்றால், அந்த இடைமுகத்தை விதியில் எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பது கவனிக்கத்தக்கது. ஐபிடேபிள்ஸில் வழக்கமாகப் பெயரைத்தான் எழுதுகிறோம்; அந்தப் பெயரே ஒப்பிடப்படுகிறது. என்எஃப்டேபிள்ஸில் இரண்டு வழிகள் உண்டு. ஓஐஎஃப் என்று எழுதினால், விதியை ஏற்றும் நொடியில் பெயருக்குரிய உள் எண் கண்டறியப்பட்டு அந்த எண்ணே விதியில் பதிகிறது; ஓஐஎஃப்நேம் என்று எழுதினால் பெயரே பதிகிறது. எண்ணை ஒப்பிடுவது விரைவானது என்பதால் பலர் முதலாவதை எழுதுகிறார்கள். ஆனால் பிபிபிஓஇ இணைப்புக்கு உருவாகும் பிபிபி0 போன்ற இடைமுகம் இணைப்பு கிடைத்த பிறகுதான் பிறக்கிறது. கணினி தொடங்கும்போது விதிக்கோப்பு ஏற்றப்படும் வேளையில் அது இல்லை. அப்போது ஓஐஎஃப் என்று எழுதிய ஒரே வரிக்காக முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும், அதில் இருந்த ஃபயர்வால் விதிகள் உட்பட. அப்படியே ஏற்றிவிட்டாலும், இணைப்பு அறுந்து மீண்டும் பிறக்கும் பிபிபி0 புதிய எண்ணோடு பிறக்கும்; விதியோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். பிறந்து மறையும் இடைமுகங்களுக்கு ஓஐஎஃப்நேம் மட்டுமே பாதுகாப்பானது. என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்குமே அதையே எழுதலாம்.

பெயரும் முழுக்க நிலையானது என்று சொல்லிவிட முடியாது. ஈத்0, ஈத்1 என்ற பழைய பெயர்கள், கெர்னல் கார்டுகளைக் கண்டறியும் வரிசையைப் பொறுத்து இடம்மாறக்கூடியவை. 2013இல் சிஸ்டம்டி கொண்டுவந்த புதிய பெயரிடல், கார்டு பொருத்தப்பட்ட இடத்தை வைத்துப் பெயர் தருகிறது. அது பெரிய முன்னேற்றம், ஆனால் கணினிக்குள் இன்னொரு கார்டைச் சேர்த்தால் இட எண்கள் நகரலாம். ரூட்டராகப் பயன்படும் கணினியில், கார்டின் மேக் முகவரியை (வன்பொருள் முகவரியை) வைத்து வெளிப்பக்கத்துக்கு வான்0, உள்பக்கத்துக்கு லான்0 என்று நாமே பெயர் சூட்டிவிட்டு, விதிகளில் அந்தப் பெயர்களை மட்டுமே பயன்படுத்துவது சிறந்தது. கார்டு பழுதாகி மாற்றினால், பெயரிடும் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்; விதிகளைத் தொட வேண்டியதில்லை.

பிற அமைப்புகள் இதே கேள்வியை எப்படித் தீர்த்திருக்கின்றன என்பதையும் பார்க்கலாம். ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஃப் ஃபயர்வாலில் நேட் விதியின் இறுதியில் மாற்றப்படும் முகவரிக்குப் பதிலாக இடைமுகத்தின் பெயரையே எழுதலாம். பெயரை அப்படியே எழுதினால், விதி ஏற்றப்படும் நேரத்தில் இருந்த முகவரி உறைந்துவிடும். அடைப்புக்குறிக்குள் எழுதினால், முகவரி மாறும்போதெல்லாம் விதியும் தானாகப் புதுப்பிக்கப்படும். எஸ்நேட்டுக்கும் மாஸ்கரேடுக்கும் இடையிலான அதே தேர்வை இரண்டு அடைப்புக்குறிகள் தீர்மானிக்கின்றன. அவற்றை எழுத மறந்தவர்கள் முகவரி மாறிய மறுநாள்தான் அதை உணர்வார்கள். ஓபன்பிஎஸ்டி தன் 4.7 பதிப்பில், 2010இல், நேட்டைத் தனி விதிவகையாக வைத்திராமல் வடிகட்டும் விதிகளோடு இணைத்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டியில் நெடுங்காலம் பழைய எழுத்துமுறையே நிலைத்ததால், ஒன்றுக்கு எழுதப்பட்ட எடுத்துக்காட்டை மற்றொன்றில் ஒட்டினால் பிழைதான் வரும். சிஸ்கோ ரூட்டர்களின் மரபான முறையோ முற்றிலும் வேறு: ஒவ்வொரு இடைமுகத்தையும் உள், வெளி என்று முதலில் அடையாளப்படுத்திவிட வேண்டும், உள் என்று குறித்த இடைமுகத்திலிருந்து வெளி என்று குறித்ததற்குப் போகும் போக்குவரத்துக்கு மட்டுமே நேட் நடக்கும். விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் அடையாளம் விட்டுப்போனால் எதுவும் நடக்காது. இந்த முறையில் எனக்குப் பிடித்தது, எந்தப் பக்கம் எது என்பதை எழுதும்படி அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. லினக்ஸ் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் விளையும் கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அகலமாக எழுதிய விதி

லினக்ஸில் வெளியேறும் இடைமுகத்தைக் குறிப்பிடாமலேயே மாஸ்கரேட் விதி எழுத முடியும். அது வேலையும் செய்யும். நான் பொறுப்பெடுத்துக்கொண்ட ஒரு ரூட்டரில் அப்படியொரு விதி ஆண்டுக்கணக்கில் இருந்தது. இணையம் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பிறகு உள்ளே ஒரு எஸ்எஸ்ஹெச் சர்வர் வைத்து, வெளியிலிருந்து வரும் அழைப்புகளை டிநேட் (சேருமிட முகவரியை மாற்றும் விதி) மூலம் அதற்குத் திருப்பினோம். தவறான கடவுச்சொல்லைத் தொடர்ந்து முயல்பவரின் முகவரியைத் தடுக்கும் மென்பொருளும் அந்தச் சர்வரில் இருந்தது. முதல் நாளிலேயே அது யாரைத் தடுத்தது தெரியுமா? எங்கள் ரூட்டரையே. வெளியிலிருந்து உள்ளே வரும் பாக்கெட்டும் ரூட்டரை விட்டு லான் பக்க இடைமுகம் வழியாக வெளியேறத்தான் செய்கிறது; இடைமுகம் குறிப்பிடாத மாஸ்கரேட் அதன் மூல முகவரியையும் 192.168.10.1 என்று மாற்றிவிட்டது. உலகின் எல்லாத் தாக்குதல்காரர்களும் எங்கள் அலுவலர்களும் சர்வரின் கண்ணுக்கு ஒரே முகவரியாகத் தெரிந்தார்கள். பதிவுக் கோப்புகளில் யார் வந்தார்கள் என்ற தடயமே மிஞ்சவில்லை. உள் வலையமைப்பை நம்பி அஞ்சல் அனுப்ப அனுமதிக்கும் மின்னஞ்சல் சர்வர் அந்த இடத்தில் இருந்திருந்தால், வெளியார் யார் வேண்டுமானாலும் அதன் வழியே அஞ்சல் அனுப்பியிருக்கலாம்.

ஆகவே மூல முகவரி மாற்றும் விதியில் வெளியேறும் இடைமுகம், மூல முகவரித் தொகுதி ஆகிய இரண்டும் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேறொரு கிளையோடு இணைக்கும் ஐபிசெக் சுரங்கம் (மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு) இருக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு விலக்கும் வேண்டும். லினக்ஸில் மூல முகவரி மாற்றம், ஐபிசெக் கொள்கை பொருத்திப் பார்க்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடுவதால், மறுகிளைக்குப் போக வேண்டிய பாக்கெட் பொது முகவரியைப் பூசிக்கொண்டு கொள்கைக்குப் பொருந்தாமல் போய்விடும். மறுகிளையின் முகவரித் தொகுதியை மாஸ்கரேடுக்கு முன்னால் ஒரு வரியில் விலக்கிவிட வேண்டும்.

உள்ளே திருப்பும் விதிகள்

டிநேட் விதியிலும் அதே கேள்விதான்: நுழையும் இடைமுகத்தோடு பிணைப்பதா, சேருமிட முகவரியோடு பிணைப்பதா? இடைமுகத்தோடு பிணைத்தால், முகவரி மாறினாலும் விதி நிற்கும். ஆனால் உள்ளேயிருக்கும் ஒருவர் பொதுப் பெயரைப் பயன்படுத்தி அதே சர்வரை அழைத்தால், அவருடைய பாக்கெட் லான் பக்கமிருந்து நுழைவதால் விதி பொருந்தாது. சேருமிட முகவரியோடு பிணைத்தால் இரு பக்கத்திலிருந்தும் பொருந்தும். ஆனால் அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 192.168.10.25 பொது முகவரியை அழைக்கிறது. ரூட்டர் அதை 192.168.10.20 என்ற சர்வருக்குத் திருப்புகிறது, இருவரும் ஒரே தொகுதியில் இருப்பதால் சர்வர் ரூட்டரைக் கேட்காமல் நேரடியாகப் பதிலளிக்கிறது, 203.0.113.10 இலிருந்து பதிலை எதிர்பார்த்த கணினி, 192.168.10.20 இலிருந்து வரும் பதிலை அறியாத விருந்தாளியாகத் தள்ளிவிடுகிறது. ஹேர்பின் நேட் என்று இதற்குச் சொல்லப்படும் தீர்வில், அந்தப் போக்குவரத்துக்கு மட்டும் மூல முகவரியையும் ரூட்டருடையதாக மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளிருந்து வந்தவர் யார் என்பது மீண்டும் சர்வருக்குத் தெரியாமல் போகிறது. உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு 192.168.10.20 என்று நேரடியாகப் பதில் தருவதே தூய்மையான வழி. டிநேட்டை இடைமுகத்தோடு மட்டும் பிணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். டிஎன்எஸ் நம் கையில் இல்லாத இடத்தில் மட்டும் ஹேர்பினை ஏற்றுக்கொள்ளலாம்.

எந்தக் கருவி

ஐபிடேபிள்ஸ் இன்றும் எங்கும் கிடைக்கிறது, எடுத்துக்காட்டுகள் ஏராளம். ஆனால் பல விநியோகங்களில் அந்தப் பெயரில் இயங்குவது, 2018இல் வந்த 1.8 பதிப்புக்குப் பிறகு, பின்னணியில் என்எஃப்டேபிள்ஸுக்கே எழுதும் வடிவம்தான். டெபியன் 10 அதையே இயல்பாக்கியது. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே கணினியில் கலந்துவிட்டால், ஒன்றில் எழுதிய விதி மற்றொன்றின் பட்டியலில் தெரியாது. இரண்டுமே பாக்கெட்டைத் தொடும். புதிதாக அமைப்பவருக்கு ஐபிடேபிள்ஸைப் பரிந்துரைக்க எனக்கு இப்போது காரணம் ஏதும் தோன்றவில்லை.

2014 ஜனவரியில் 3.13 கெர்னலோடு வந்த என்எஃப்டேபிள்ஸின் வலிமை, முழு விதிக்கோப்பும் ஒரே அசைவில் ஏற்றப்படுவது: முழுவதும் பொருந்தும், அல்லது எதுவும் மாறாது. தொலைவிலிருந்து ரூட்டரைத் திருத்துபவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, பாதி ஏறிய விதிகளோடு வெளியே பூட்டப்பட்டவருக்குத் தெரியும். போர்ட் எண்ணுக்கு எதிரே உள் முகவரியை எழுதிய ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, இருபது டிநேட் விதிகளை ஒரே வரியில் முடிக்கலாம் என்பது இன்னொரு வசதி. பழைய கெர்னலில் ஒரு பொறி உண்டு: 4.18க்கு முன், போஸ்ட்ரூட்டிங் சங்கிலி (ஓர் இடத்தில் வரிசையாகப் பார்க்கப்படும் விதிகளின் தொகுப்பு) மட்டும் இருந்து ப்ரீரூட்டிங் நேட் சங்கிலி இல்லாவிட்டால், பதில் பாக்கெட்டுகள் திரும்ப மாற்றப்படுவதில்லை. அதில் விதியே இல்லாவிட்டாலும் வெற்றுச் சங்கிலியை உருவாக்கி வைக்க வேண்டும்.

ஃபயர்வால்டி இடைமுகங்களை மண்டலங்களில் வைத்து, வெளி மண்டலத்துக்கு மாஸ்கரேடை ஒரு சொல்லில் இயக்குகிறது. உள், வெளி என்று எண்ண வைக்கும் அந்தப் போக்கு நல்லது. ஆனால் இரண்டு பொது முகவரிகள், விலக்குகள், ஹேர்பின் என்று தேவை வளரும்போது அதன் எளிமை நமக்கு எதிராகத் திரும்புகிறது. தனியாக ஒரு என்எஃப்டேபிள்ஸ் அட்டவணையைப் பக்கத்தில் எழுதத் தோன்றும். அங்கே கவனம் தேவை: ஒரு சங்கிலியில் ஏற்கப்பட்ட பாக்கெட், அதே இடத்தில் பின்னால் வரும் இன்னொரு சங்கிலியில் மறுக்கப்படலாம், நம் அட்டவணை அனுமதித்தது என்பதால் ஃபயர்வால்டி அனுமதித்ததாக ஆகாது. இதே காரணத்தால் ரூட்டர் கணினியில், கன்டெய்னர்களை இயக்கும் மென்பொருளான டாக்கரை நிறுவுவதையும் நான் தவிர்க்கிறேன். அது தனக்கான நேட் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதோடு, ஃபார்வர்டு சங்கிலியின் (ஓர் இடைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் பாக்கெட்டுகளுக்கான விதிகளின்) இயல்பு முடிவையும் மறுப்பு என்று மாற்றக்கூடும்; நேற்றுவரை ஓடிய இணையம் இன்று நிற்கும், நம் விதிக்கோப்பிலோ ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஒரு கணினியின் நேட் விதிகளுக்கு ஒரே ஒரு உரிமையாளர்தான் இருக்க வேண்டும். தேவை ஒற்றை மாஸ்கரேடோடு முடியும் என்றால் ஃபயர்வால்டி போதும், அல்லது சிஸ்டம்டி நெட்வொர்க்டியின் கோப்பில் மாஸ்கரேடுக்கு இருக்கும் ஒரு வரியே போதும். அதற்கு மேல் என்றால் அவற்றை நிறுத்திவிட்டு, ஒரே என்எஃப்டேபிள்ஸ் கோப்பை எழுதுங்கள்.

எந்தக் கருவியானாலும் நேட் ஃபயர்வாலாகிவிடாது. ஃபார்வர்டு சங்கிலி திறந்தே கிடந்தால், வெளி இடைமுகத்தோடு ஒரே வலையமைப்பில் இருக்கும் ஒருவர் 192.168.10.20ஐச் சேருமிடமாக எழுதி நம் ரூட்டரிடம் பாக்கெட்டைத் தந்தால், ரூட்டர் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஃபார்வர்டின் இயல்பு மறுப்பாக இருக்க வேண்டும். உள்ளிருந்து தொடங்கியவையும், டிநேட் செய்யப்பட்டவையும், அவற்றின் பதில்களும் மட்டும் அனுமதிக்கப்பட வேண்டும். டிநேட் முன்பே நடந்துவிடுவதால், அந்தச் சங்கிலியில் எழுத வேண்டிய சேருமிடம் உள் முகவரி. பொது முகவரியை எழுதி விதி பொருந்தவில்லை என்று தவிப்பவர்களை அடிக்கடி காண்கிறேன்.

ஐபி பதிப்பு 6இல் தேர்வு சுருக்கமானது. உள்ளேயுள்ள ஒவ்வொரு கணினிக்கும் பொது முகவரி கிடைக்கும் இடத்தில் நேட் விதி எழுத வேண்டியதில்லை. ஃபார்வர்டு விதிகள் போதும். 3.7 கெர்னலிலிருந்து அதற்கும் மாஸ்கரேட் இருக்கிறது என்பதால் மட்டும், பதிப்பு 4இன் விதியை நகலெடுத்து வைக்க வேண்டாம்.

விதியை ஏற்றிய பிறகு, சோதனையை வெறும் பிங்கோடு முடிக்காதீர்கள். ஐபி ஃபார்வர்டிங் 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். வான்0, லான்0 இரண்டிலும், கடக்கும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, லான்0இல் 192.168.10.25 என்று தெரிந்த பாக்கெட் வான்0இல் 203.0.113.10 என்று தெரிகிறதா என்று நோக்குங்கள். வான்0இல் ஒரு பாக்கெட்டாவது 192.168 என்று தொடங்கும் மூலத்தோடு வெளியேறினால் விதி எதையோ தவறவிடுகிறது. பிறகு வெளிக் கேபிளைக் கழற்றி, அரை நிமிடம் விட்டு மீண்டும் பொருத்துங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, உள்ளேயுள்ள தொலைபேசி ஏற்கெனவே பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ரூட்டர் எழட்டும். ஃபார்வர்டிங் முதலிலும் விதிகள் பிறகும் ஏறினால், இடைப்பட்ட அந்த ஓரிரு நொடியில் நேட் இல்லாத ஒரு பதிவு உருவாகி, தொலைபேசி அதை உயிரோடு வைத்திருக்கும். கான்ட்ராக் பட்டியலில் அந்தத் தொலைபேசியின் வரியைத் தேடி, இரண்டாம் பாதியின் சேருமிடத்தைப் படியுங்கள்.